சென்னை வானிற் கண்ட சில்வியா

எந்தத் தராசுக்கும் எட்டாத தூரத்திலே, நெடுங்காலமாக எந்தத் தொலைகாட்டியினூடும் ஒரு புள்ளியாகவே தோன்றிவந்த ஒரு பொருளின் திணிவைப் பூமியை விட்டகலாமலே கணித்தறிதல் கூடுமா? கூடும் என்பதையும், அதற்கு வேண்டிய கணிதம் கல்லூரியின் மேல்வகுப்பு மாணவர் கற்பதிலும் மிகுந்ததன்று என்பதையும் இக்கட்டுரையிற் காட்ட முயல்வோம். நாம் எடுத்துக்கொண்ட உதாரணம் தொலைநாட்டார்க்கு மாத்திரம் உரியதன்று. 1866 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆம் நாள் சென்னை வானாய்வு நிலையத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட சில்வியா என்னும் குறுங்கோளே அது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள பரந்த வெளியிலே சூரியனைச் சுற்றிவரும் சிறு கோள்களைக் குறுங்கோள்கள் என்கிறோம். அவற்றுள் முதலாவதாகிய சீரிசு 1801 ஆம் ஆண்டின் முதல் நாளிலே சிசிலித்தீவின் பலேர்மோ நகரிற் பியாசி என்பவராற் காணப்பட்டது. இன்று எண்ணிட்டுப் பதியப்பெற்றவை பல இலட்சமாகும். சில்வியா அவ்வரிசையில் 87 ஆம் எண்ணைப் பெற்றது. அது கண்டுபிடிக்கப்பட்ட காலத்தில் இத்தகைய கோள்கள் நூறேனும் அறியப்பட்டிருக்கவில்லை என்பதை இவ்வெண்ணே உணர்த்தும்.

கண்டுபிடித்த முறை

நோர்மன் றொபேட் பொக்சன் என்னும் ஆங்கிலேயர் 1861 ஆம் ஆண்டிற் சென்னை அரசாங்க வானியலாளராகப் பதவியேற்றார். அவ்வாண்டு ஏப்பிரல் 17 ஆம் நாளிலேயே அவர் ஒரு குறுங்கோளைக் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது ஆதலின் அதற்கு ஏசியா என்றே பெயர் வழங்கலாயிற்று. தொடர்ந்து 1864 இற் சப்போவும், 1866 இற் சில்வியாவும், 1868 இற் கமில்லாவும், 1885 இல் வேராவும் அவருடைய கண்ணுக்கு அகப்பட்டன. சென்னை வானம் அவருக்கு அளித்தவை இவ்வைந்தும் ஆகும்.

அக்காலத்திலே வானத்தைப் புகைப்படமெடுத்துக் குறுங்கோள் தேடும் வழக்கம் இல்லை. அது 1891 ஆம் ஆண்டில், பொக்சன் காலமான அதே ஆண்டில், ஜேர்மனியில் மாக்ஸ் வூல்ஃப் என்பவராற் புகுத்தப்பட்டது. அதற்கு முன்பு ஆய்வாளர் விண்மீன்களின் படத்தை மேசைமேல் விரித்துவைத்து, தொலைகாட்டியிற் காணும் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒப்பிட்டனர். படத்தில் இல்லாத ஒரு புள்ளி தென்படின், அது முன்பு விடுபட்ட விண்மீனோ, அலைந்து திரியும் கோளோ என்ற ஐயம் எழும். மறுநாள் இரவு மீண்டும் நோக்குவர். நிற்பது விண்மீன், நகர்ந்தது கோள்.

சில்வியா எவ்வளவு நகரும்? பூமி, சூரியனுக்கும் சில்வியாவுக்கும் நடுவே வரும் காலத்தில், அது விண்மீன்களிடையே நாளொன்றுக்கு முழுமதியின் விட்டத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தூரம் பின்னோக்கிச் செல்வதுபோலத் தோன்றும். அதன் ஒளியோ மிக மங்கியது. வெறுங்கண்ணுக்கு எட்டும் கடைசி விண்மீன்களை ஆறாம் ஒளித்தரம் என்பர். ஐந்து தரம் இறங்கினால் ஒளி நூறிலொன்றாகும் என்னும் அளவுமுறையை 1856 இல் வகுத்தவரும் இதே பொக்சன்தான். அம்முறையின்படி பதினோராந் தரத்து விண்மீன் ஆறாந் தரத்ததைக் காட்டிலும் நூறு மடங்கு மங்கியது. சில்வியா பெரும்பாலும் அதனிலும் மங்கியே காணப்படும்.

எனவே இத்தகைய கண்டுபிடிப்புக்கு வேண்டிய முதற் பொருள் சரியான விண்மீன் பட்டியலே. பொக்சனுக்கு முன்பு அதே நிலையத்திற் பணிபுரிந்த தெயிலர் என்பவர் 11,015 விண்மீன்களின் இடங்களை அளந்து 1844 இல் வெளியிட்டிருந்தார். புதியது எது என்று சொல்ல வல்லவன் பழையதை ஒழுங்காகப் பதிந்துவைத்தவனே. நிலையத்தின் இரவுப் பணியிலே நம்மவர்க்கும் பங்கிருந்தது. பொக்சனின் உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867 இல் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைத் தாமே கண்டறிந்தார். 1872 இல் இலண்டனிலுள்ள அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராக்கிற்று.

யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. வட்டுக்கோட்டைச் செமினரியிலே வானநூல் கற்பிக்கப்பட்டது. அதன் அதிபராயிருந்த ஹொய்சிங்ரன் பாதிரியார் தமிழர் வானக்கணிதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, குறிப்புரைகளோடு 1848 இல் இங்கேயே அச்சேற்றினார். 1871 டிசெம்பர் 12 ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பொக்சன் கோயம்புத்தூரை அடுத்த அவினாசியிலிருந்து நோக்கினார். அந்நிழல் அன்றைக்கு யாழ்ப்பாணத்தின் மீதும் விழுந்தது. இங்கும் ஓர் ஆய்வுக்குழு வந்து அதனை நோக்கியது. நெடுங்கோட்டால் நோக்கின் சென்னையும் யாழ்ப்பாணமும் அயலூர்களே. சென்னையில் உச்சிக்கு வரும் விண்மீன் ஒரு நிமிடத்துக்குள் நமது உச்சிக்கோட்டையும் கடந்துவிடும். பொக்சன் கண்ட வானம் நம் முற்றத்து வானமேயாகும்.

செல்லும் வழி

சூரியனிலிருந்து பூமியின் சராசரித் தூரத்தை ஓர் அலகாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர். சில்வியாவின் சராசரித் தூரம் 3.48 அலகு. அதன் ஒழுக்கு வட்டமன்று. சிறிது நீண்ட நீள்வளையம். சூரியனை நெருங்கும்போது ஏறத்தாழ 3.16 அலகிலும், விலகும்போது 3.8 அலகிலும் நிற்கும். பூமி செல்லும் தளத்துக்கு அதன் தளம் ஏறக்குறைய 11 பாகை சாய்ந்துள்ளது.

தூரம் தெரிந்தால் ஆண்டின் நீளம் தானே தெரியும். கெப்லரின் மூன்றாம் விதி கூறுவது இது: தூரத்தின் கனமும் காலத்தின் வர்க்கமும் சமம். தூரம் மேற்கூறிய அலகிலும், காலம் பூமியின் ஆண்டிலும் அளக்கப்பட வேண்டும். 3.48 இன் கனம் ஏறத்தாழ 42.1, அதன் வர்க்கமூலம் 6.49. ஆகவே சில்வியாவின் ஓராண்டு நமக்கு ஆறரை ஆண்டு. பொக்சன் அதனைக் கண்ட நாளிலிருந்து எண்ணினால், 2022 ஆம் ஆண்டளவில் அது தன் இருபத்துநான்காஞ் சுற்றை முடித்தது. அதாவது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட நம் வரலாறு சில்வியாவுக்கு இருபத்துநான்கு வயதே.

குறுங்கோள்கள் தாம் விரும்பியவாறு எத்தூரத்திலும் நிற்பதில்லை. சில குறித்த தூரங்களில் வெற்றிடைவெளிகள் இருப்பதை அமெரிக்கரான தானியேல் கேர்க்வூட் சில்வியா காணப்பட்ட அதே 1866 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். வியாழன் ஒருமுறை சுற்றும் காலத்தில் இருமுறை சுற்றும் கோள் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது மீண்டும் மீண்டும் தன் ஒழுக்கின் அதே இடத்தில் வியாழனை எதிர்ப்படும். ஊஞ்சலைத் தாளந் தவறாது தள்ளுவது போல, சிறு ஈர்ப்பும் ஒரே முறையிற் சேர்ந்து சேர்ந்து அதன் வழியை மாற்றிவிடும். இவ்விடைவெளி 3.27 அலகுத் தூரத்தில் உள்ளது. சில்வியா அதற்கும் அப்பால், குறுங்கோட் பட்டையின் வெளிவிளிம்பிற் செல்கிறது. சூரியவொளி குன்றிய அக்குளிர்ந்த புறத்திலே கரிய நிறமுள்ள, காபன் கலந்த கோள்களே மிகுதி. சில்வியாவும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்களவே திருப்பியனுப்பும். நம் அடுக்களைக் கரியை அதற்கு ஒப்பிடலாம்.

உருவம்

சென்னையிலிருந்து பார்த்த பொக்சனுக்குச் சில்வியா ஒரு புள்ளியே. அதற்கு உருவம் இல்லை. அது நம்மை மிக நெருங்கும் காலத்திலும் அதன் தோற்றம் எவ்வளவு சிறிதென்று அறிய விரும்புவோர், யாழ்ப்பாண நகரில் நின்றுகொண்டு பருத்தித்துறையிலே ஒருவர் கையிற் பிடித்திருக்கும் இரண்டு சென்ரிமீற்றர் நாணயத்தை நோக்குவதாக எண்ணிக்கொள்க.

எனினும் அப்புள்ளியின் ஒளி நிலையாக இருப்பதில்லை. ஐந்து மணி பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை அது இருதரம் கூடி இருதரம் குறையும். உருண்டையான பொருள் சுழன்றால் ஒளி மாறாது. நீண்ட பொருள் சுழன்றாலோ பக்கத்தைக் காட்டும்போது ஒளி மிகும். முனையைக் காட்டும்போது குறையும். இதனாற் சில்வியா நீண்ட உருவினது என்பதும், அதன் ஒரு நாள் நம் ஐந்தேகால் மணிக்கும் சிறிது குறைந்தது என்பதும் பெறப்பட்டன. 2005 இல் வெளியான அளவின்படி அது ஏறத்தாழ 384 கிலோமீற்றர் நீளமும், 262 கிலோமீற்றர் அகலமும், 232 கிலோமீற்றர் தடிப்பும் உள்ளது. பின்வந்த ஆய்வுகள் இவ்வளவுகளைச் சிறிது குறைத்துள்ளன. பருத்தித்துறை முனையிலிருந்து தேவேந்திரமுனை வரை இலங்கைத் தீவின் நீளம் 430 கிலோமீற்றருக்குச் சற்று மேல். மிக அகன்ற இடத்தில் அகலம் ஏறத்தாழ 225. ஆகவே இலங்கையின் நீள அகலத்தை ஒத்த ஒரு கரிய மலை ஐந்து மணிக்கொருமுறை தலைசுற்றி விண்ணிலே செல்வதாக நினைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாகாது.

நிறுத்தறிந்த வகை

இதுவரை கூறியவற்றால் அளவு தெரிந்தது; திணிவு தெரியவில்லை. ஒரு கோள் சூரியனைச் சுற்றும் காலத்தைக் கொண்டு அக்கோளின் திணிவைச் சொல்ல முடியாது. அக்காலம் சூரியனின் திணிவைப் பொறுத்தது. வண்டியின் வேகத்தைக் கண்டு அதிலுள்ள பாரத்தைச் சொல்ல முடியாதது போலவே இதுவும். கோளின் திணிவை அறிய வேண்டுமாயின், அக்கோளையே சுற்றும் துணைக்கோள் ஒன்று வேண்டும்.

சில்வியா காணப்பட்டு 135 ஆண்டு கழிந்தபின் அத்துணை கிடைத்தது. 2001 பெப்ரவரி 18 ஆம் நாள் மைக்கல் பிறவுண், ழான் லூக் மார்கோ என்னும் இருவர் ஹவாய்த் தீவிலுள்ள கெக் தொலைகாட்டியாற் சில்வியாவின் அருகே ஒரு சிறு புள்ளியைக் கண்டனர். காற்றின் அலைவு தொலைகாட்டியின் பிம்பத்தைக் கலங்கச்செய்வது நாம் அறிந்ததே. நண்பகலில் தார் வீதியின் மேற் காட்சி நடுங்குவதும் அதனாலேயே. அக்கலக்கத்தைக் கணத்துக்குக் கணம் அளந்து, அதற்கு எதிராக வளைந்துகொடுக்கும் மெல்லிய ஆடி ஒன்றை அத்தொலைகாட்டியிற் பொருத்தியிருந்தனர். அதனாலேயே அச்சிறு புள்ளி பிரிந்து தெரிந்தது. பின்னர் 2004 ஓகஸ்ட் 9 ஆம் நாள் சிலி நாட்டுப் பரானல் மலையிலுள்ள பெருந்தொலைகாட்டியின் படங்களிலே, பிராங் மார்ஷி என்பாரும் அவருடைய கூட்டத்தாரும் இன்னும் சிறிய இரண்டாவது துணையைக் கண்டனர். இரு துணைக்கோள்களையுடையதென முதன்முதல் அறியப்பட்ட குறுங்கோள் சில்வியாவே.

இங்கே பெயரைப் பற்றியும் ஒரு சொல். உரோமாபுரியை நிறுவியதாகப் பழங்கதை கூறும் இரட்டையரின் தாய் றீயா சில்வியா. அவள் பெயரையே பொக்சன் 1866 இல் தமது குறுங்கோளுக்குச் சூட்டினார். அத்தாய்க்கு இரு மக்கள் உண்டென்பது கதை. இக்கோளுக்கும் இரு துணை உண்டென்பதை அவர் அறிந்திருத்தல் இயலாது. பின்வந்தோர் வெளித்துணையை றோமுலஸ் என்றும் உட்டுணையை றீமஸ் என்றும் அழைத்தனர். பெயர் இவ்வாறு பொருந்தியமை வானநூலில் அருகியே காணப்படும் தற்செயல்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். றோமுலஸ் சில்வியாவிலிருந்து 1,356 கிலோமீற்றர் தூரத்தில், 3.65 நாளில் ஒருமுறை சுற்றுகிறது. நம் சந்திரன் பூமியிலிருந்து 3,84,400 கிலோமீற்றர் தூரத்தில், 27.32 நாளில் ஒருமுறை சுற்றுகிறது. நியூற்றன் காட்டிய வண்ணம், நடுவிலுள்ள பொருளின் திணிவு, தூரத்தின் கனத்தைக் காலத்தின் வர்க்கத்தாற் பிரித்த அளவுக்கு நேர்விகிதமானது.

சந்திரனின் தூரம் றோமுலசின் தூரத்தைப் போல் 283.5 மடங்கு. அதன் கனம் ஏறத்தாழ 2 கோடியே 28 இலட்சம். சந்திரனின் காலம் றோமுலசின் காலத்தைப் போல் ஏறத்தாழ 7.5 மடங்கு, அதன் வர்க்கம் 56. முன்னதைப் பின்னதாற் பிரிக்க, 4 இலட்சத்து 7 ஆயிரம் என வரும். எனவே சில்வியாவைப் போன்ற நாலு இலட்சம் கோள்களைச் சேர்த்தாற் பூமியின் திணிவுக்கு ஏறத்தாழச் சமமாகும். பூமியின் திணிவு நாம் அறிந்ததே. ஆதலாற் சில்வியாவின் திணிவு 15 ஐ எழுதி அதன்பின் 18 சுன்னமிட்டால் வரும் அத்தனை கிலோகிராம் அளவினது. ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும், தராசு தேவையில்லை.

உள்ளே யாது?

திணிவும் கனவளவும் தெரிந்தால் அடர்த்தி தெரியும். மேற்சொன்ன நீள அகலத் தடிப்பைக் கொண்டு கணித்தால், சில்வியாவின் கனவளவு ஏறத்தாழ 1 கோடியே 22 இலட்சம் கன கிலோமீற்றர். அதனாற் பிரிக்க, கனமீற்றர் ஒன்றுக்கு 1.2 தொன் என்று வரும். புதிய அளவுகளின்படி அது ஏறத்தாழ 1.4 தொன். எதனைக் கொண்டாலும் முடிபு ஒன்றே. நீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1 தொன். சில்வியாவைப் போன்ற கரிய விண்கற்களோ பூமியில் விழுந்தபின் அளக்கப்படும்போது 2 தொன்னுக்கும் மேலாக உள்ளன. அங்ஙனமாயின் இக்கோள் முழுக்கல்லாக இருத்தல் எவ்வாறு?

நம் தோட்டங்களிற் கிணறு வெட்டும்போது பிளந்தெடுத்த சுண்ணக்கல்லைப் புறத்தே குவித்துவைப்பர். நிலத்தினுள் இருந்தபோது கொண்ட இடத்திலும் அதிக இடத்தை அக்குவியல் கொள்ளும். கல் மாறவில்லை, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வெற்றிடம் புகுந்தது. சில்வியாவும் அத்தகைய குவியலே என்பது 2005 ஆம் ஆண்டு ஆய்வின் முடிபு. அதனுட் பெரும்பகுதி வெற்றிடமாக இருக்கலாம் என அவ்வாய்வாளர் கருதினர். சூரியனுக்குத் தூரத்தே பிறந்த கோளாதலின் பனியும் கலந்திருத்தல் கூடும் என்பாரும் உளர். முற்காலத்திலே பெரிய கோளொன்று மோதலாற் சிதறி, அச்சிதறல்கள் தம் ஈர்ப்பினால் மீண்டும் ஒன்றுகூடிச் சில்வியாவாயின என்றும், எஞ்சியவற்றுட் சில துணைக்கோள்களாயின என்றும் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. சில்வியாவின் அயலில் அதனை ஒத்த வழியிற் செல்லும் சிறு துண்டுகள் ஒரு குடும்பமாகக் காணப்படுவதும் இதனை வலியுறுத்தும்.

அதன் மேற்பரப்பில் ஈர்ப்பு பூமியிலுள்ளதில் ஏறத்தாழ 180 இல் ஒரு பங்கே. இங்கே 60 கிலோ நிறையுள்ள மாணவன் அங்கே தராசில் ஏறினால் முள் மூன்றிலொரு கிலோவைக் காட்டும். இவ்வளவு மெல்லிய பிடியினாலேயே அக்கற்குவியல் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கலையாது நிற்கிறது.

சென்னையிற் கண்ட மற்றொரு கோளாகிய கமில்லாவுக்கும் துணைக்கோள் இரண்டு உண்டென்பது பின்னர்த் தெரியவந்தது. முதலாவது 2001 இலும் இரண்டாவது 2016 இலும் காணப்பட்டன. பொக்சன் சென்னையிற் கண்ட ஐந்தில் இரண்டு இவ்வாறு இருதுணை உடையனவாயின.

நமக்குரிய பாடம்

1885 இல் வேரா காணப்பட்டபின் இந்திய மண்ணிலிருந்து குறுங்கோள் காணும் பணி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓய்ந்திருந்தது. 1899 இல் ஆய்வுப் பணி கோடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. மீண்டும் 1988 பெப்ரவரி 17 ஆம் நாள், காவலூர் வானாய்வு நிலையத்தில் இராஜமோகன் என்பவர் ஒரு குறுங்கோளைக் கண்டார். காவலூர் என்றவுடன் நம்மவர் ஊர்காவற்றுறையை நினைப்பர். இது தமிழ்நாட்டு ஜவ்வாது மலையிலுள்ள காவலூர். 4130 என்னும் எண் பெற்ற அக்கோளுக்கு இராமானுசன் என்று கணித மேதையின் பெயர் சூட்டப்பட்டது.

இவையெல்லாம் பெருந்தொலைகாட்டி உடையார்க்கே கூடும் என்று மாணவர் எண்ணி அமைந்துவிடலாகாது. 2013 சனவரி 6 ஆம் நாள் சில்வியா ஒரு விண்மீனின் முன்பாகச் சென்று அதனைச் சில கணம் மறைத்தது. தென் ஐரோப்பாவிற் பல ஊர்களிலே நின்ற நோக்குநர், அவர்களுட் பலர் பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர், அவ்விண்மீன் மறைந்த கணத்தையும் மீண்ட கணத்தையும் குறித்தனர். ஒவ்வோர் ஊரிலும் மறைவு நீடித்த நேரம் அக்கோளின் குறுக்கே இழுத்த ஒரு கோட்டின் நீளமாகும். பல கோடுகள் சேர உருவம் தோன்றியது. அவருட் சிலர் றோமுலசின் நிழலையும் பிடித்து, அதன் அளவையும் அறிவித்தனர். இதற்கு வேண்டியவை சிறிய தொலைகாட்டியும், பிழையாத கடிகாரமும், தாம் நின்ற இடத்தின் சரியான அளவும், தூக்கத்தை வென்ற ஓர் இரவுமே.

பொக்சன் தாம் கண்ட புள்ளியின் இடத்தையும் நேரத்தையும் பிழையறப் பதிந்துவைத்தார். அது கல்லா பனியா, தனித்ததா துணையுள்ளதா என்பதை அவர் அறியாமலே மறைந்தார். அவருடைய பதிவின் வழியே அக்கோளைத் தொடர்ந்து வந்தவர் 135 ஆண்டின் பின் துணையைக் கண்டனர். துணையினால் திணிவைக் கண்டனர். திணிவினால் உள்ளமைப்பை உணர்ந்தனர். ஒரு தலைமுறை பதிந்ததை மறுதலைமுறை கணித்தது. கல்லூரியொன்று விழாக் கொண்டாடும் காலத்தில் இதனை நினைவிற்கொள்ளுதல் தகும். இன்று நம் ஆய்வுகூடத்துக் குறிப்பேட்டில் மாணவன் ஒருவன் திருத்தமாக எழுதும் ஓர் அளவு யாருக்குப் பயன்படும் என்பதை அவனும் அறியான், நாமும் அறியோம். திருத்தமாக எழுதுதல் மாத்திரமே அவன் கடன்.

சில்வியா ஏறத்தாழப் பதினான்கு மாதத்துக்கு ஒருமுறை நள்ளிரவில் நம் வானத்தின் உயரத்துக்கு வரும். அதனைக் காண வெறுங்கண் போதாது. சிறிய தொலைகாட்டியும் நல்ல விண்மீன் படமும் வேண்டும். இரண்டிரவு அடுத்தடுத்து நோக்கி, நகர்ந்த புள்ளியைப் படத்திற் குறிக்கும் மாணவன் சென்னையில் அன்று நடந்ததைத் தன் கையாலேயே மீளச் செய்தவன் ஆவான்.